இரண்டாம் முறை கேட்டால்

"போட்டியிலை வெண்டு காட்டு. பிறகு பாப்பம்" என்றார் என் கணவர், இடியப்பத் தட்டில் இருந்து கண்ணை எடுக்காமல்.

எங்கள் மகள் அப்போது மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த வருடங்களில், நோர்வேயில் நாங்கள் இருந்த புருசெத்தில் எந்தத் தமிழ் வீட்டுக் கதவைத் தட்டினாலும் உள்ளே ஒரு பிள்ளை டொக்டராகிக்கொண்டிருந்தது. எங்கள் பிள்ளையும் ஆகப்போகிறாள் என்று இவர் கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லி முடித்திருந்தார். அவளுடைய புள்ளிகளும் அதற்குக் காணும். அவளோ சட்டம்தான் படிப்பேன் என்று நின்றாள். பள்ளியில் சட்டத்தை ஒரு பாடமாக எடுத்தவளை, அந்த வருடம், பள்ளிகளுக்கான மாதிரி வழக்குப் போட்டிக்குப் போகிற அணியில் சேர்த்திருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடுவது அவள் பொறுப்பு. அந்தத் துணிவில்தான் சாப்பாட்டு மேசையில் கதையைத் தொடங்கினாள்.

"வெண்டால் சட்டம், தோத்தால் மெடிசின். சரியோ, அப்புக்காத்தர்?" என்று இவர் கையை நீட்டினார். ஊரில் பழைய ஆட்கள் வழக்கறிஞரை அப்படித்தான் சொல்வார்கள்.

"சரி அப்பா" என்று அவளும் கையைக் கொடுத்தாள். நோர்வேயில் பிறந்த பிள்ளை, கை கொடுத்தால் கொடுத்ததுதான்.

பிறகு இவர் என் பக்கம் திரும்பினார். "நீர் என்ன சொல்லுறீர்?"

"விரும்பினதைப் படிக்கட்டுமன்" என்றேன்.

"என்ன சொல்லுறீர்?"

"இல்லை... நீங்கள் சொல்லுறதும் சரிதான்."

மகள் தலையைத் தூக்கி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இவருக்குச் சிரிப்பு. "கொம்மாவிட்டை ஒண்டை ரண்டு தரம் கேக்கக்கூடாது பிள்ளை" என்றார். எங்கள் வீட்டில் இது பழைய பகிடி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எழும்பிப் போய்ச் சட்டியைத் தேய்த்தேன்.

பள்ளியை மாலையில் பூட்டிவிடுவார்கள். அதனால் ஒத்திகை எல்லாம் எங்கள் வீட்டு ஹோலில்தான். மகளோடு இன்னும் இரண்டு பேர் வருவார்கள். ஒருத்தி உயரமான நோர்வேக்காரப் பெண், இரண்டாவது வழக்கறிஞர். மற்றவன் அடுத்த கட்டடத்துப் பாகிஸ்தான் வீட்டுப் பையன், அவன்தான் குற்றம் சாட்டப்பட்டவன். வழக்கு இவ்வளவுதான்: விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் இருந்து விலை கூடிய குளிர் ஜாக்கெட் ஒன்று களவு போய்விட்டது. கடையில் வேலை செய்கிறவர், வாசலால் ஓடியவனின் முகத்தைத் தான் பார்த்ததாகச் சாட்சி சொல்கிறார். வேறு ஆதாரமே கிடையாது. அந்தச் சாட்சி ஆட்டம் கண்டால் பையன் தப்பினான்.

நண்பர்களையே குறுக்கு விசாரணை செய்தால் சிரிப்புத்தான் வரும், வீட்டில் பெரியவர்கள் யாரையாவது பிடியுங்கள் என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். இவர் மாலை வேளைகளில் பஸ் ஓட்டப் போய்விடுவார். மிஞ்சினது நான். நான் வேலை செய்தது பாலர் பள்ளியில். மணலை யார் வீசியது, யார் யாரைக் கடித்தது என்று நாள் முழுக்கப் பொய்ச் சாட்சி கேட்டுக் காது புளித்தவள். "எனக்கென்ன, வாறன்" என்று ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, உடுப்பு அயன் பண்ணுகிற மேசைக்குப் பின்னால் போய் நின்றேன். அதுதான் சாட்சிக் கூண்டு. உயரமானவள் சோபாவின் கைப்பிடியில் ஏறியிருந்து நீதிபதியானாள்.

விசாரணை முழுக்க நொஸ்க்கில், அதுதான் நோர்வே மொழியில். மகள் என் முன்னால் வந்து நின்றாள். வீட்டில் தண்ணீர்ப் போத்தலைக்கூட மூடி வைக்காத பிள்ளை, அங்கே நின்ற நிலையே வேறு.

"ஓடியவனின் முகத்தைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"முகத்தைத்தான் பார்த்தீர்களா?"

"ம்... பக்கவாட்டில் பார்த்தேன் போல."

பையன் துள்ளி எழும்பி இரண்டு கையையும் தூக்கினான். "நான் விடுதலை!" என்று கத்திவிட்டு நான் பொரித்து வைத்த ரோல்ஸ் தட்டை நோக்கி நடந்தான். எல்லோருக்கும் சிரிப்பு, எனக்கும்தான். ஆனால் அடுத்த ஒத்திகையிலும் அதே கூத்து. அதற்கு அடுத்ததிலும். இந்த முறை விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய் நிற்பேன். பிள்ளை கேட்டதையே திருப்பிக் கேட்பாள், வாய் தன்பாட்டில் வழுக்கிவிடும்.

கடைசியில் மகளுக்குப் பொறுமை போய்விட்டது. நண்பர்கள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டதும் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அம்மா, நீங்கள் எனக்கு விட்டுத் தாறீங்கள். சின்னனிலை கரம்போர்ட் விளையாடேக்கை விடுற மாதிரி. இப்பிடிப் பழகினால் நான் அங்கை போய் என்னத்தைச் செய்யிறது?"

"விட்டுத் தரேல்லையடி. எனக்கு உண்மையா அப்பிடித்தான் வருது."

"பொய்."

ஐயோ, அந்த ஒரு சொல் எனக்குச் சுள்ளென்று பட்டது. "இரு, சொல்லுறன்" என்று கதிரையை இழுத்துப்போட்டு இருந்தேன். அவளிடம் அதுவரை நான் சொல்லாத கதை அது.

இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய புதிதில், அகதிகளாக ஏற்கச் சொல்லிக் கேட்டதற்கு எங்களைப் பொலிஸ் நிலையத்தில் விசாரித்தார்கள். இவரை ஓர் அறையில், என்னை இன்னோர் அறையில். மேசைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத் தலைமயிரோடு ஒரு பெரிய மனிதர், பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். நல்ல மரியாதையான மனிதர், எனக்குத் தண்ணீர்கூட ஊற்றித் தந்தார். ஊரில் உங்கள் வீட்டுக்கு ஆமி வந்தது எந்த நேரம் என்று கேட்டார். பின்னேரம் என்றேன். பின்னேரம்தான். சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன், நெருப்புக்குச்சி கையில் இருக்கும்போதே வாசல் படலையை உதைத்தார்கள். அவர் எழுதிக்கொண்டார். வேறு ஏதேதோ கேட்டார். பிறகு திரும்பவும், ஆமி வந்தது எந்த நேரம் என்றார்.

எங்கள் ஆட்களுக்கு இது விளங்கும். பெரியவர் ஒருவர் கேட்டதையே திருப்பிக் கேட்டால், சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை என்று பொருள். அதையே பிடித்துக்கொண்டு நின்றால் எதிர்த்துக் கதைக்கிறாள் என்பார்கள். வாத்தியாரிடம் அப்படித்தான் வளர்ந்தோம், அப்பாவிடமும் அப்படித்தான். துவக்கோடு சோதனைச் சாவடியில் நிற்கிறவனிடம் எப்படி என்று சொல்லவே வேண்டாம். "விடியப்புறமாயும் இருக்கலாம்" என்றேன். மூன்றாம் முறை கேட்டார். "விடியப்புறம்தான்" என்றே சொல்லிவிட்டேன். பக்கத்து அறையில் இவர் பின்னேரம் என்று சொல்லியிருந்தார்.

அவ்வளவுதான். பொய்க்காரர்கள் என்று முதலில் எங்களை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்து முடிவு வரும்வரை பெட்டியைக் கட்டில் அடியில் கட்டியபடியே வைத்திருந்தோம். கதவு மணி அடித்தால் கண் முதலில் அந்தப் பெட்டிக்குத்தான் போகும். அந்த நாட்களில்தான் மகள் என் வயிற்றில். இவர் ஒரு நாள்கூட என்னை ஏசியதில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். விசா கிடைத்த பிறகு அதைப் பகிடியாக்கினார், அவ்வளவுதான். அந்தப் பகிடிக்கு நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அது எனக்கு அவமானம்.

மகள் கேட்டுக்கொண்டு இருந்தாள். நகத்தைக் கடிக்கிற பழக்கம் உள்ளவள், அன்றைக்கு அதையும் மறந்துபோனாள்.

"ஏன் மாத்திச் சொன்னனீங்கள் எண்டு அந்த மனிசன் கேக்கேல்லையோ?"

"ஆரும் கேக்கேல்லை."

அவள் தன் கடதாசிகளைப் பொறுக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு என்னைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. உயரமானவளின் தகப்பன் வந்து நின்றார். அவரோ சொன்னதையே சொல்லிக்கொண்டு கல்லுப் போல நிற்பார், எத்தனை தரம் கேட்டாலும் அசையமாட்டார். நான் குசினிக்குள் நின்று கேட்டுக்கொண்டே தேத்தண்ணி ஊற்றினேன். சும்மா சொல்லக்கூடாது, பொறாமையாகத்தான் இருந்தது.

போட்டி நடந்தது ஒரு சனிக்கிழமை, பனி உருகி நடைபாதைச் சரளைக்கல் எல்லாம் சப்பாத்தில் ஒட்டுகிற காலம். உண்மையான நீதிமன்றக் கட்டடத்தில் ஓர் அறையைத் தந்திருந்தார்கள், நீதிபதியாக இருந்த பெண்மணியும் உண்மையான நீதிபதிதான். இவருக்கு அன்றைக்கும் பஸ். நான் பார்வையாளர் வாங்கில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். இரவல் வாங்கிய கறுப்பு அங்கி மகளுக்குக் கணுக்கால் வரை வந்தது. காலையில் நடந்த சுற்றுகளில் நன்றாகவே வென்றார்கள். கடைசிச் சுற்றில் எதிரே இருந்தது திராமன் நகரத்துப் பள்ளி அணி.

கடைக்காரச் சாட்சியாகத் திராமன் அணியில் இருந்து எழும்பி வந்தவள் ஒரு சின்னப் பிள்ளை. கறுத்த சுருட்டை முடி, எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது. எங்களைப் போல எங்கேயோ இருந்து வந்து சேர்ந்த வீட்டுப் பிள்ளை என்பது மட்டும் தெரிந்தது. கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஓடியவனின் முகத்தைப் பார்த்தீர்களா?" என்று மகள் கேட்டாள்.

"பார்த்தேன்."

வேறு இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு மகள் திரும்பி வந்தாள். "முகத்தைத்தான் பார்த்தீர்களா?"

அந்தப் பிள்ளை மகளைப் பார்த்தாள், நீதிபதியைப் பார்த்தாள். "பக்கவாட்டில்... பக்கவாட்டில் மட்டும் பார்த்தேன் போல" என்றாள்.

உயரமானவள் மேசைக்குக் கீழே கையை முட்டியாக மடக்கிக் குலுக்கினாள். பாகிஸ்தான் பையனின் வாய் காதுவரை போனது. எனக்கோ சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்தில் இருந்தது என்ன என்று அந்த அறையில் எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். "வேறு கேள்வி இல்லை" என்று சொல்லிவிட்டு மகள் தன் கதிரையில் போய் இருந்தால் போதும். கோப்பை கையில். சட்டமும் கையில்.

மகள் போய் இருக்கவில்லை.

"இப்போது ஞாபகம் வந்ததால் மாற்றிச் சொன்னீர்களா, நான் திருப்பிக் கேட்டதால் மாற்றிச் சொன்னீர்களா?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்தினார்.

"நீங்கள் திருப்பிக் கேட்டீர்கள்" என்றாள் அந்தப் பிள்ளை மெல்ல. "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தேன். முழு முகத்தையும்."

"நன்றி" என்று சொல்லிவிட்டு மகள் வந்து இருந்தாள்.

பையன் குற்றவாளியானான், கோப்பை திராமனுக்குப் போனது. வெளி மண்டபத்தில் ஆசிரியை தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வழக்கு உன் கையில் இருந்ததே, பிள்ளை. அந்தக் கேள்வியை ஏன் கேட்டாய்?" என்றார். "அவள் பயத்தில் மாற்றினாள்" என்று மட்டும் சொன்னாள் மகள். உயரமானவள் ஸ்டேஷன் வரை எங்களை விட்டு முன்னால் நடந்தாள். ரயில் வருகிற நேரம் கோட்டுப் பையில் இருந்து சொக்கிலேற் எடுத்து, பாதியை உடைத்து மகளின் கையில் வைத்துவிட்டுத் தன் ரயிலுக்குப் போனாள்.

புருசெத்துக்குத் திரும்புகிற சுரங்க ரயிலில் நானும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ரயில் வெளிச்சத்துக்கு ஏறி, இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள் தெரியத் தொடங்கிய பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, மெடிசினும் நல்லதுதான் என்ன?"

"நீ சட்டமெல்லோ படிக்கப்போறன் எண்டனி?"

"இல்லை... அப்பா சொல்லுறதும் சரிதான்."

கடவுளே, அது என் குரல். அச்சொட்டாக என் குரல், என் இழுவை. வேறு எதை அவளுக்குக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை, இதையுமா கொடுத்தேன்? அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இவர் வேலை முடிந்து வந்து, பஸ்காரச் சீருடையைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் கேத்தலை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னவாம் அப்புக்காத்தர்? வெண்டதோ?"

"இல்லை அப்பா. தோத்திட்டம்."

"அட, பரவாயில்லை விடு." முதுகில் தட்டினார். அவருக்கும் கவலைதான், ஆனால் நிம்மதியும் இருந்தது, முகத்தில் தெரிந்தது. "கை குடுத்தது குடுத்ததுதான். மெடிசின்."

"ஓம் அப்பா" என்றாள்.

பிறகு ஒரு முறைக்காக என்னைக் கேட்டார், கேத்தலைப் பார்த்தபடியே. "நீர் என்ன சொல்லுறீர்?"

"சட்டம்" என்றேன்.

அவர் திரும்பினார். உதட்டோரத்தில் அந்தப் பழைய பகிடி எட்டிப் பார்த்தது. "என்ன சொல்லுறீர்?"

அந்தப் பொலிஸ் அறையில் திரும்பவும் இருப்பதைப் போலவே இருந்தது. நீங்கள் சொல்லுறதும் சரிதான் என்பது நாக்கு நுனியில் வந்து நின்றது. மகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கோட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை.

"ஆமி வந்தது பின்னேரம்" என்றேன். "இவள் படிக்கப்போறது சட்டம். நீங்கள் எத்தினை தரம் கேட்டாலும் இதுதான் பதில்."

இவர் உதட்டில் இருந்த சிரிப்புப் போய்விட்டது. கேத்தல் கொதித்துத் தானாக நின்றது. என்னையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓம்" என்றார் கடைசியில். "பின்னேரம்தான். நீர் விளக்கு வைச்சுக்கொண்டு நிண்டனீர்."