டீக்கு முன்னால் போட்ட கையெழுத்து

பீங்கான் பட்டறைக்காரர்கள் கொட்டிய உடைசல் எங்கள் தெருச் சாக்கடையை அடைத்துக்கொண்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கழிவுநீரில் கால் வைத்தே போனார்கள். நகராட்சி எட்டிப் பார்க்கவில்லை. நாங்கள் ஏழு பெண்கள்தான் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இறங்கி அள்ளினோம். என் இடது உள்ளங்கையில் நான்கு தையல்.

இனிமேல் கொட்டுவதையாவது தடுக்கச் சொல்லலாமென்று வார்டு கூட்டத்துக்குப் போனேன். வாசலிலேயே கவுன்சிலரின் ஆள் கூட்ட நோட்டை நீட்டினார்.

"மொதல்ல கையெழுத்து போடுங்கக்கா, டீ ஆறிடப் போவுது."

வழக்கம்தானே என்று வெற்றுப் பக்கத்தின் அடியில் போட்டேன். என் புத்தி அவ்வளவுதான்.

பேச எழுந்ததும் கவுன்சிலர் சிரித்தார். "சாக்கடை விஷயம் முடிஞ்சுபோச்சுங்க. நீங்களே கையெழுத்து போட்டிருக்கீங்களே!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். நான் டீ குடித்த நேரத்தில், என் கையெழுத்துக்கு மேலே எழுதிவிட்டிருந்தார்கள்: 'நகராட்சி சாக்கடையைத் தூர்வாரியது. பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர்.'

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினேன். "நகராட்சிக்கு எத்தன தையலுங்க?"

எல்லோரும் போண்டாவுக்குத்தான் வாயைத் திறந்தார்கள். அந்த வரிகளை அடிக்கவைத்த பிறகே உட்கார்ந்தேன்.

இப்போதெல்லாம் தீர்மானத்தை எழுதி, படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து. டீயை வீட்டிலேயே குடித்துவிட்டுப் போகிறேன்.

- ஒரு வாசகி, விருத்தாசலம்