மீற்றரிலை விழாத ஓட்டம்

ஒயில் மாத்துறது சின்ன வேலை. மாத்த வேணுமெண்டு வாகனக்காரனைச் சம்மதிக்க வைக்கிறதுதான் எங்கடை தொழில். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலை கராச் வைச்சிருக்கிறன். ஐயாயிரம் கிலோமீற்றர், இல்லாட்டி ஆறு மாசம், எது முந்தி வருதோ அது. இதிலை நான் ஆருக்கும் விட்டுக் குடுக்கிறதில்லை. உங்களிலை ஆராவது கராச்காரர் இருந்தால், என்ரை தொண்டை ஏன் கட்டிக் கிடக்குதெண்டு விளங்கும்.

நிண்ட வான்

குறிஞ்சாக்கேணி நிஸ்தாரை, அண்ணை எண்ட கணக்கிலை, நானா எண்டுதான் கூப்பிடுறது. அவருக்கு ஒரேயொரு வான். நிலாவெளிக்கு வாற வெள்ளைக்காரரை ஏத்தி இறக்கித்தான் அவரின்ரை வீட்டிலை அடுப்பு எரியுது. சீசன் நடுவிலை பிரேக் பாக்க வந்தவர். அளவுக் கம்பியை இழுத்துப் பாத்தால் ஒயில் களியா வருது. மாத்துவம் எண்டன். அவர் மீற்றரைக் காட்டினார். ஐயாயிரத்துக்கு இன்னும் எவ்வளவோ கிடக்கு.

நிலாவெளியிலை வானை என்ன செய்யிறனீங்கள் எண்டு கேட்டன். பிறகுதான் கதை வந்தது. வெள்ளைக்காரர் கடலிலை குளிச்சு முடியுமட்டும் எஞ்சினை நிப்பாட்டாமல் ஏசியைப் போட்டு விடுவாராம். ஏறேக்கை உள்ளுக்குக் குளிரா இருந்தால்தான் நாளைக்கும் கூப்பிடுவினமாம். அந்த வரிசையிலை நிக்கிற எல்லா வானும் அப்பிடித்தானாம். மணிக்கணக்கா எஞ்சின் சுத்துது, சில்லு சுத்தேல்லை, மீற்றர் பேசாமல் இருக்குது. இதுவும் ஓட்டம்தான் நானா எண்டன். அவர் சிரிச்சுப்போட்டுச் சொன்னார்: "வான் நிண்ட இடத்துலயே நிக்குது, நீங்க ஓடுதெண்டு சொல்றீங்க தம்பி."

பூசைக்குப் போற கார்

அந்த நேரம் பார்த்து ரோசலின் ரீச்சரும் வந்து சேர்ந்தா. பென்சன் எடுத்தவ. அவவின்ரை கார் ஞாயிறு பூசைக்குப் போய் வாறதோடை சரி. எஞ்சின் சூடேற முதலே மாதா கோயில் வந்திடும். ஒயில் மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையா நுரை. சூடு காணாத எஞ்சினுக்குள்ளை ஈரம் நிண்டிட்டுது. ரீச்சர், ஓடாட்டியும் ஆறு மாசத்துக்கு ஒருக்கா மாத்த வேணும் எண்டன்.

நிஸ்தார் நானா கதிரையிலை இருந்து விழுந்து விழுந்து சிரிக்கிறார். ஓடாமல் நிண்டாலும் மாத்த வேணுமாம் எண்டு. ரீச்சர் அவரைப் பாத்தா, என்னைப் பாத்தா. பிறகு சொன்னா: "பாவசங்கீர்த்தனத்துக்கு நானே வருசத்துக்கு ஒருக்காத்தான் போறனான், இதுக்கு ரெண்டு தரமோ?"

ஆனால் மாத்திப்போட்டுத்தான் போனவ.

கறுப்பு

நானா அசையேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அந்த எஞ்சின் இறுகினால் சீசன் முழுக்க அந்த மனிசன் வீட்டிலை குந்த வேணும், அது அவருக்கு விளங்குதில்லை. வான் திறப்பை எடுத்து என்ரை பொக்கற்றிலை போட்டன். ஒயில் மாத்தாமல் தர ஏலாது, பொலிசுக்கு வேணுமெண்டாலும் போங்கோ எண்டன். முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு சம்மதிச்சார்.

ரெண்டு நாள் போகேல்லை, வான் திரும்பி வந்து வாசலிலை நிக்குது. கம்பியிலை ஒயில் கரி மாதிரி இருக்காம், பழசை ஊத்திப்போட்டனாம். நானா, இது டீசல் எஞ்சின், நல்ல ஒயில்தான் அழுக்கை எடுத்துக் கறுக்கும் எண்டு சொல்லி, அவரின்ரை விரலிலையே ஒரு துளி விட்டுத் தேய்ச்சுப் பாக்கச் சொன்னன். வழுவழுப்பா இருந்தது. அவர் விரலைச் சாரத்திலை துடைச்சுக்கொண்டு சொன்னார்: "ரெண்டு நாள் வெள்ளையா நிக்காத சாமானுக்கா என்ட திறப்பைப் பறிச்சீங்க?"

வரிசையிலை ஒண்டு குறைஞ்சது

கொஞ்ச நாளிலை, நிலாவெளி வரிசையிலை அவருக்கு முன்னாலை நிண்ட வான் எஞ்சின் இறுகிப் போச்சுது, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போச்சினம். அதுவும் ஏசி போட்டு நிண்ட வான்தான். சீசன் முடியுமட்டும் அது திரும்பி வரேல்லை. அதுக்கு வாற ஹயர் ஓட்டமும் நிஸ்தார் நானாவுக்குத்தான் வந்தது.

அடுத்த கிழமை நானா கூப்பிடாமலே வந்து நிக்கிறார், ஒயில் மாத்த வேணுமாம். கம்பியை இழுத்துப் பாத்தன். ஒயில் நல்லாத்தான் இருக்குது. இப்ப வேண்டாம், ரெண்டு மாசத்தாலை வாங்கோ எண்டன். ஏலாதாம், இனிக் கிழமைக்குக் கிழமை மாத்தப் போறாராம். திரும்பவும் திறப்புக்குச் சண்டை. இந்தமுறை நான் அவரின்ரை கையுக்குள்ளை திறப்பைத் திணிச்சு வெளியிலை அனுப்பினன். வானிலை ஏறியிருந்து கண்ணாடியை இறக்கிப்போட்டுச் சொன்னார்: "மாத்தாட்டியும் சண்டை, மாத்த வந்தாலும் சண்டை, உங்களுக்கு யாவாரம் வராது தம்பி."

இவ்வளவு காலத்திலை என்னோடை வாய் காட்டாதது எஞ்சின் ஒண்டுதான், அதாலை நான் இன்னும் அதின்ரை பக்கமே நிக்கிறன்.