ரசமட்டம் ஒட்டாமல் விட்ட டைல்ஸ்

தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவிக்கு ரசமட்டம் என்று பெயர். கண்ணாடிக்குள் ஒரு குமிழி இருக்கும். அது நடுவில் நின்றால் மேஸ்திரிக்கு டீ, நகர்ந்தால் வசவு. டைல்ஸ் ஒட்டும் அந்தப் பெரியவருக்குக் கூட்டாளிகள் வைத்த பெயரும் ரசமட்டம்தான். கண்ணை இடுக்கிப் பார்த்து, "வலப்பக்கம் ஒரு நூல் இறங்கியிருக்கு" என்பார். கருவியை வைத்துப் பார்த்தால் சொன்னபடி இறங்கித்தான் இருக்கும். விருந்துக்குப் போனால் எல்லாரும் இலையைப் பார்க்க, இவர் தரையைப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர், தன் கையால் டைல்ஸ் ஒட்டிய குளியலறையில் தானே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். யானைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் யானை தன் தரையைத் தானே போட்டுக்கொள்வதில்லையே.

"என்ன அண்ணே, உங்க டைல்ஸே உங்களுக்கு வேட்டு வச்சிடுச்சா?" என்று கேட்டார் ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில் தபால்காரர். ஓய்வு பெற்றவர், வாய் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"டைல்ஸ் மேல தப்பு இல்லப்பா. கால்தான் சரியில்ல."

காலும் சரியாகத்தான் இருந்தது. ஆசைதான் சரியில்லை. அது ரசமட்டத்துக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

மனைவி போன பிறகு அவர் தனியாக இருந்தார். குடித்தார். ஒருநாள் அடுப்பை அணைக்காமல் தூங்கிப்போக, சமையலறைத் திரை பற்றி எரிந்தது. மகள் வந்து பெட்டியைக் கட்டினாள். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் காரில் அவள் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அந்தப் பழக்கத்தில், வீட்டுச் சோபாவில் இருந்தாலும் பயம் வந்தால் வலது காலால் தரையை அழுத்துவாள். அன்றைக்கும் அழுத்திக்கொண்டேதான் சொன்னாள்: "என் வீட்ல ராஜா மாதிரி இருங்கப்பா. ஆனா ஒரு சொட்டு வாடை வந்துச்சு, முதியோர் இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவேன். அழுதுகிட்டே விடுவேன். ஆனா விட்டுடுவேன்."

அவர் அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நன்றிக்கடனாக அவள் வீட்டுக் குளியலறைக்குப் புது டைல்ஸ் ஒட்டினார். மயிரிழை பிசகாத வேலை. ஒரே ஒரு டைல்ஸ் மட்டும், தொட்டிக்குப் பக்கத்தில் கீழ்வரிசையில் இருப்பது, சிமெண்ட் இல்லாமல் சும்மா செருகப்பட்டது. நகத்தை விட்டு நெம்பினால் வரும். பின்னால் ஒரு குழி. குழிக்குள் பாட்டில்.

அதன்பிறகு அவர் மிகச் சுத்தமான மனிதர் ஆனார். காலையில் குளியல், மதியம் குளியல், சாயங்காலம் குளியல். குழாய் சத்தமாக ஓடும், இவர் நின்றபடியே இரண்டு மடக்கு விழுங்குவார், பல் தேய்ப்பார், திருநீறு பூசாத சாமியார் மாதிரி வெளியே வருவார். "எங்க அப்பா மாதிரி சுத்தமான மனுஷனப் பார்க்க முடியாது" என்று மகள் தன்னிடம் கார் பழக வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள். நேற்றுக் காலை அந்த டைல்ஸைக் குனிந்து நெம்பும்போதுதான் கால் வாரியது. நல்லவேளை, நெம்பி முடிக்கவில்லை. வலியில் உயிர் போகும்போதும் அவர் கண் அந்த டைல்ஸ் மேலேயே இருந்தது.

நாளைக் காலை ஆபரேஷன். சேர்த்த அன்றே நர்ஸம்மா கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். சர்க்கரை? இல்லை. பிரஷர்? உண்டு. "குடிப்பழக்கம்?"

அவர் வாயைத் திறக்கும்முன் மகள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் எப்பவோ விட்டுட்டாருங்க." முகத்தில் அப்படியொரு பெருமை. அந்தப் பெருமையை உடைக்க யாருக்கு மனம் வரும்? அவர் தலையாட்டினார்.

இன்று மதியத்திலிருந்து விரல்கள் தாளம் போட ஆரம்பித்தன. டம்ளர் பல்லில் மோதியது.

"குளிருதாப்பா?"

"ஏசி ஜாஸ்தி."

"ஏசி ஓடவே இல்ல அண்ணே" என்றார் தபால்காரர். அந்த வாயைத் தைக்க ஊசி இருந்தால் தேவலை.

வேர்வை சட்டையை நனைத்தது. ரசமட்டத்துக்குப் பெயிண்டர் ஒருவன் நினைவுக்கு வந்தான். கூட்டாளி, ஒரே பாட்டிலில் பங்கு. கால் முறிந்து ஆஸ்பத்திரியில் படுத்தபோது, மானம் போகும் என்று வீட்டார் குடியைப் பற்றி மூச்சு விடவில்லை. நித்தம் குடித்த உடம்பு, குடி திடீரென்று நின்றதும் கைநடுக்கத்தில் ஆரம்பித்தது. அப்புறம் எறும்பு, எறும்பு என்று போர்வையைத் தட்டினான். அப்புறம் வலிப்பு. அப்புறம் பெயிண்டர் இல்லை.

'எனக்கு நடுக்கம் மட்டும்தான்' என்று அவர் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். 'நானென்ன அவன் மாதிரியா குடிச்சேன்?' குடிக்கிற எல்லாருக்கும் தன்னைவிட அதிகமாகக் குடித்த ஒருவன் கைவசம் இருப்பான்.

மனதைத் திருப்ப எதிர்ச்சுவரைப் பார்த்தார். வந்த அன்றே அந்தச் சுவருக்கு மார்க் போட்டிருந்தார்: வெள்ளை டைல்ஸ், கோடு பிடித்த மாதிரி வேலை, ஒட்டினவன் கெட்டிக்காரன். இப்போது பார்த்தால் நடுவரிசை இறங்கியிருந்தது. கண்ணைக் கசக்கினார். கோடுகள் நெளிந்தன. டைல்ஸ் இடுக்கிலிருந்து சிமெண்ட் கறுப்புக் கறுப்பாய்ப் பிரிந்து, வரிசை கட்டி, மேலே ஏறத் தொடங்கியது.

எறும்பு.

நேற்று நேராக இருந்த சுவர் இன்றைக்குக் கோணாது. ஐம்பது வருஷ வேலையில் அது ஒன்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அப்படியென்றால் கோணுவது சுவர் இல்லை.

பார்வையாளர் மணி அடித்தது. மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "காலையில ஆபரேஷனுக்கு முன்னாடி வந்துடறேன். தைரியமா இருங்க."

சொன்னால் வீடு போச்சு. சொல்லாவிட்டால் ஆளே போச்சு. அவள் கதவுவரை போய்விட்டாள்.

"அம்மாடி!"

கத்திய கத்தலில் தபால்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மகள் ஓடி வந்தாள்.

"குளியலறையில... தொட்டிப் பக்கத்துல... கீழ்வரிசை டைல்ஸ். அத நான் ஒட்டல."

"இப்போ டைல்ஸா முக்கியம்?"

"பின்னாடி பாட்டில் இருக்கு."

அவள் வலது கால் தரையை அழுத்தியது. அழுத்தியபடியே நின்றது.

"எத்தன நாளா?"

"வந்ததுலேருந்து."

"எப்போப்பா குடிச்சீங்க? ஒரு நாளும் வாடையே வரலயே..." சட்டென்று நிறுத்தினாள். "மூணு வேளைக் குளியல்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊரெல்லாம் பெருமை பேசினேனே. என் தலையில அடிச்சுச் சொன்னீங்களே!"

"அப்புறமா திட்டும்மா. இப்போ நர்ஸம்மாவக் கூப்பிடு. சுவத்துல எறும்பு ஏறுது."

மகள் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. அப்புறம் அவள் ஓடிய ஓட்டத்துக்கு எந்தப் பிரேக்கும் இல்லை.

ஆபரேஷன் தள்ளிப்போனது. நரம்பில் மருந்து ஏறியது. "வயசானவங்க நிறைய பேர் இத மறைச்சிடறாங்க. உடம்புக்கு மறைக்கத் தெரியாது. வலிப்பு வரதுக்குள்ள சொன்னாரே, அது பெரிய விஷயம்" என்றாள் நர்ஸம்மா. அடுத்த சில நாட்கள் அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கின்றன. இல்லாத சுவருக்குச் சிமெண்ட் குழைத்தார் என்று தபால்காரர் பின்னால் சொன்னார். கண் விழித்தபோதெல்லாம் மகள் பக்கத்தில் இருந்தாள். கஞ்சி ஊட்டினாள், வாய் துடைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எலும்பைப் பொருத்தி வீட்டுக்கு அனுப்பும் நாள் வந்தது. பின்சீட்டில் அவருடைய பெட்டி, எல்லாத் துணியும் அடைத்தது போல் உப்பியிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நாற்சந்தியில் சிவப்பு விளக்கு. இடப்பக்கம் வீடு. வலப்பக்கம் போனால், ஆற்றங்கரை தாண்டி, முதியோர் இல்லம். மகள் இன்னும் சிக்னல் போடவில்லை. கார் பழக வருகிறவன் இப்படி மறந்தால் தொலைத்துவிடுவாள். ரசமட்டம் காரின் மீட்டர் பலகையில் இருந்த இரண்டு அம்புக்குறிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அழுதுகிட்டே விடுவேன், ஆனா விட்டுடுவேன்.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

இடது அம்பு மின்னத் தொடங்கியது.

"வியாழக்கிழமை குடி நிறுத்தற டாக்டர்கிட்ட போறோம்" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நானும் உள்ள வந்து உட்காருவேன். அங்க பொய் சொன்னீங்க, திரும்பி வர்ற வழியில வலப்பக்கம்தான்."

"சரிம்மா."

வீட்டில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். தரையில் ரப்பர் விரிப்பு, சுவரில் புதுக் கைப்பிடி. கீழ்வரிசையைப் பார்த்தார். அந்த டைல்ஸ் ஒட்டப்பட்டிருந்தது. ஒரு நூல் கோணல் இல்லை, ஒரு விரல் கோணல். சுற்றிலும் சிமெண்ட் பூசிய லட்சணம், குழந்தை சோறு தின்ற வாய் மாதிரி.

"எந்தப் புண்ணியவான் ஒட்டினது?"

"நான்தான். ஏன், கோணலா?"

கால்நுனியால் டைல்ஸைத் தட்டினார். ஒட்டாத டைல்ஸ் பொக்கு பொக்கென்று பேசும். இது பேசவில்லை.

"கெட்டியா பிடிச்சிருக்கு."

"கோணலான்னு கேட்டேன்."

"கோணல்தாம்மா."

"இருக்கட்டும். கை வைக்காதீங்க." துண்டை அவர் தோளில் போட்டாள். "கதவத் தாழ்ப்பாள் போட வேண்டாம். வெளியவே நிக்கிறேன்."

குழாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கை ஒருமுறை கீழ்வரிசைப் பக்கம் போய், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கு வெளியே மகளின் கால் தரையை அழுத்துகிற சத்தம் கேட்டது.

ரசமட்டம் அன்றைக்கு வெறுமனே குளித்தார்.