காலி நிலத்தில் நூற்று நாற்பத்தெட்டு கஜம்

கோல்ஃப் மட்டையின் பிடி முனையில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சென்சாரைத் திருகி மாட்டுகிறோம். இடுப்புப் பட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கிளிப். மட்டை பந்தில் படும் சத்தத்தை கிளிப் கேட்டுக்கொள்கிறது. எந்த மட்டை என்பதை சென்சார் சொல்கிறது, எந்த இடம் என்பதைச் செயற்கைக்கோள் சொல்கிறது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்தால் மைதானத்தின் படம் வருகிறது; நாம் அடித்த ஒவ்வோர் அடியும், அடித்த இடத்திலிருந்து பந்தைத் தேடிப் போய் நின்ற இடம்வரை, அதில் ஒரு கோடு. முதல் நாள் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். நான் பந்தைத் தேடிப் புதருக்குள் அலைந்ததைக்கூட வானத்தில் ஏதோ ஒன்று பார்த்துக் குறித்து வைத்திருந்தது.

நான் பத்திரிகை ஒன்றில் நெடுங்காலம் செய்திகளைத் திருத்தியவன். இப்போது ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் பயிற்சிக் கையேடுகள் எழுதுகிறேன். அங்குள்ள மூன்று வெளிநாட்டு மேலாளர்களுக்கு சனிக்கிழமை கோல்ஃப் ஆட நாலாவது ஆள் தேவைப்பட்டது. அப்படித்தான் இந்த ஆட்டத்துக்குள் வந்தேன். என் கோடுகள் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். அதனால்தான், அவற்றுக்கு நடுவே நேரான சில கோடுகள் வர ஆரம்பித்ததும் கண்ணில் பட்டன.

மைதானத்தின் ஒன்பதாவது குழி முடிந்ததும் தகரக் கொட்டகையில் இருபது நிமிடம் டீ. உட்கார்ந்தால் வயிற்றைக் குத்துகிறது என்று கிளிப்பைக் கழற்றி மட்டைப் பையின் கைப்பிடியில் மாட்டிவிடுவேன். எனக்குப் பை தூக்கும் கேடி, பென்னலூரைச் சேர்ந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். அவர் பையை எடுத்துக்கொண்டு பத்தாவது குழிப் பக்கம் நிழலுக்குப் போவார். அந்த இருபது நிமிடத்தில் நான் அடிக்காத இரண்டு அடிகள் பதிவாகின. கொட்டகைக்குப் பின்னால் விரிவாக்கத்துக்காகப் போட்டுவைத்திருக்கும் காலி நிலத்தில் ஒரு கோடு போகிறது, இன்னொரு கோடு திரும்பி வருகிறது. ஏழாம் நம்பர் மட்டை. கருவியின் பிழை என்று நினைத்தேன். வாராவாரம் அழித்தேன். ஆறாவது வாரம் மைதான மேலாளருக்கு போன் செய்து, பக்கத்துத் தொழிற்சாலையின் சிக்னல் ஏதோ குழப்புகிறது போல என்றேன். அவர் கவலைப்பட்டார், வேறு உறுப்பினர்களும் இதே கருவியை வைத்திருந்தார்கள். "சனிக்கிழமை காலைல ஆட்டத்துக்கு முன்ன ஆபீசுக்கு வாங்க சார். நானே பாக்கேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை, அவருக்குக் காட்டுவதற்காக அழித்ததை எல்லாம் மீட்டெடுத்தேன். செயலி எதையும் தூக்கி எறிவதில்லை, ஒரு மூலையில் வைத்திருக்கிறது. ஆறு சனிக்கிழமைகளையும் ஒரே படத்தில் போட்டேன். பன்னிரண்டு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படுத்திருந்தன. விரலால் பெரிதாக்கிய பிறகுதான் அது ஒரே கோடு இல்லை என்று தெரிந்தது. போன தூரம் நூற்று நாற்பத்தெட்டு கஜம், நூற்று நாற்பத்தேழு, மறுபடி நாற்பத்தெட்டு. திரும்பி வந்த பந்து, கிளம்பிய இடத்திலிருந்து நாலு எட்டுக்குள் நின்றிருந்தது. கருவி பிழை செய்தால் இப்படிச் செய்யாது. அந்த நேரத்தில் பை இருந்தது அந்தப் பெண்ணிடம். பிறகுதான் பயம் வந்தது. உறுப்பினரின் மட்டையால் பந்தடித்த கேடியை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்புவது அங்கே விதி. போன வருடம் ஓர் ஆள் அப்படிப் போயிருந்தார். என் புகார் இவரையும் அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது.

காலையில் பை அடுக்கும் இடத்தில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன்.

"ஏம்மா, டீ நேரத்துல பையத் தூக்கிக்கிட்டு எங்க போவீங்க?"

"நிழலாண்ட சார்."

"நடுவுல?"

அவர் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "இன்னா சார், நேராவே கேளுங்க."

படத்தைக் காட்டினேன். அவர் கைபேசியைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"இதுல கூடவா கீது! திரும்பி அடிச்சதுமா?"

"அதுவும்தான்."

"எவ்ளோ சார்?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"நூத்தம்பது போவுதுன்னுல்ல நெனச்சுகினு இருந்தேன்." முகம் வாடிவிட்டது.

மேலாளரிடம் நான் சொல்லிவைத்ததை அவருக்குச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. பயிற்சித் திடலுக்கு உதவிப் பயிற்சியாளராக ஒருவரை கேடிகளிலிருந்தே எடுக்கப்போகிறார்களாம்; ஆட்டம் வைத்துத்தான் எடுப்பார்கள். திங்கட்கிழமை உறுப்பினர்களுக்கு மைதானம் மூடியிருக்கும், அன்று கேடிகள் ஆடலாம். "ஆம்பளைங்க ஆடுவாங்க சார். எங்களப் புல்லு புடுங்க வுட்ருவாங்க. ஆடாம எப்டி சார் போட்டிக்குப் போறது? எனக்கு இந்த இருபது நிமிசம்தான்."

"மறுபடி அழிச்சிடுறேன். கருவி சரியாயிடுச்சுன்னு சொல்லிடுறேன்" என்றேன்.

"அழிச்சிட்டா நான் அட்ச்சதுக்கு யாரு சார் சாட்சி? வூட்டுக்காரரே டூப் வுடாதன்றாரு." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "காட்டுங்க சார். நானும் வரேன்."

மேலாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பல மைதானங்களைப் பார்த்தவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார்.

"யாரு சார் இது? ஒங்க கூட ஆடுத மூணு பேருல ஒருத்தரா? நீங்க இல்லங்கது தெரியுது."

"நான்தான் சார்" என்றார் அந்தப் பெண், வாசலில் நின்றபடி.

மேலாளர் கண்ணாடியை இறக்கினார். "சார் மட்டையிலயா?"

"ஆமா சார்."

"கேட்டியா?"

"கேட்டா குடுப்பாங்களா?"

"ரூல் தெரியுமா, தெரியாதா?"

"வேலைக்குச் சேந்த அன்னிக்கே சொன்னாங்க சார்."

மேலாளர் எழுந்து நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். காலி நிலத்தின் ஓரத்தில், புல் தேய்ந்து மண் தெரிந்த ஓரிடத்தில், மேலாளர் ஒரு பந்தைப் போட்டார். நான் கிளிப்பை நீட்டினேன். அந்தப் பெண் வாங்கித் தன் இடுப்புப் பட்டையில் மாட்டிக்கொண்டார். ஏழாம் நம்பரை உருவினார். ஒத்திகை பார்க்கவில்லை. காலை அகட்டி நின்று, தூரத்தில் தொழிற்சாலையின் நீலத் தகரச் சுவரை ஒரு முறை பார்த்துவிட்டு அடித்தார்.

அந்தச் சத்தத்தை நான் ஒருபோதும் எழுப்பியதில்லை. உலர்ந்த, சின்ன, ஒற்றைச் சத்தம். பந்து சுவரின் உயரத்துக்கு மேலே எழும்பி, நிற்பது போல ஒரு கணம் இருந்து, இறங்கியது. ஓடவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது.   அந்தப் பெண் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பந்து இருந்த இடம்வரை நடந்தார், எங்களைப் பார்த்துத் திரும்பி நின்று மறுபடி மட்டையை ஓங்கினார். மேலாளர் விலகி நிற்கவில்லை. நான் விலகினேன். பந்து மேலாளருக்கு முன்னால் மூன்று எட்டில் விழுந்து, ஒரு துள்ளல் துள்ளி, நின்றது.

கைபேசியைப் பார்த்தேன். "நூத்தி அம்பது" என்றேன். 

அந்தப் பெண் வந்து சேர்ந்ததும் மேலாளர் அவர் பக்கம் திரும்பினார்.

"ஒரு வாரம் வேலைக்கு வராத" என்றார். "அது சார் மட்டையத் தொட்டதுக்கு."

"சரி சார்."

"அதுக்கடுத்த திங்கக்கெழம வா."

"புல்லு புடுங்கவா?"

"ஆட." குனிந்து பந்தை எடுத்து மண்ணைத் தட்டினார். "ஒனக்கு மட்டை இருக்கா?"

"சாரோடது கீது" என்றார் அவர், நான் வாயைத் திறப்பதற்குள்.