நாலு மணி ஆராதனையும் மதிய ஷிஃப்ட்டும்

மூன்று வாரம் முன்பு, ஒரு ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் மண்ணூர் கோயிலில் மணி அடித்தது. பாஸ்டர் அங்கி போட்டுத் தயார். பாட்டுப் புத்தகங்கள் தயார். மைக் தயார். ஆட்கள்தான்... வழக்கமான பெரியவர்கள் ஏழெட்டுப் பேரும் நானும்!

சபைச் செயலாளர் ஜெயசீலன் அண்ணன் வாசலுக்கும் பீடத்துக்கும் நடந்துகொண்டே இருந்தார். இந்த நாலு மணி ஆராதனை அவர் மனதைக் கல்லாக்கிக்கொண்டு ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

விஷயம் இதுதான். உள்ளூர்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டார்கள். எங்கள் பெஞ்சுகளை நிரப்பியது ஒரகடம் கம்பெனிகளில் வேலை பார்க்கும் தெற்கத்திப் பிள்ளைகள். கொஞ்ச நாளாக அவர்கள் வரத்தும் குறைந்துபோனது. இப்படியே போனால் பக்கத்துச் சபையோடு சேர்த்துவிடுவோம், தனி பாஸ்டர் கிடையாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணன் ஆடிப்போனார். அவருடைய அப்பா செங்கல் சுமந்து கட்டிய கோயில் அது.

"நைட் ஷிஃப்ட் முடிச்ச பிள்ளைங்க காலைல எப்படி வருவாங்க? சாயங்காலம் வெச்சுப் பாக்கலாமே" என்றார் பாஸ்டர்.

"காலைல எட்டரை மணி ஆராதனை எங்க நைனா காலத்துலேர்ந்து கீது பாஸ்டர். கர்த்தர் மாறாதவர்" என்றார் அண்ணன்.

எட்டரை மணி எந்த அதிகாரம், எந்த வசனம் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணனிடம் கேட்க முடியுமா?

மாதக்கணக்கில் கமிட்டி கூடியது. உபவாச ஜெபம் நடந்தது. உபவாசம் முடிந்ததும் வடை நடந்தது. ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டு வெளியேறி, செருப்பு மாட்டும்போது மனம் மாறித் திரும்பி வந்தார். கடைசியில் அண்ணனே இறங்கி வந்தார். அந்த நாலு மணிதான் காலியாகக் கிடந்தது.

அன்றைக்கே கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் பிரிஸில்லாவுக்கு போன் போட்டார். நெல்லைப் பக்கத்துப் பெண், பாடல் குழுவில் பாடுகிறவள். எடுக்கவில்லை. மறுநாள் காலை, கோயிலுக்கு எதிரே குமார் கடையில் அண்ணனும் நானும் இட்லி சாப்பிடும்போது அவளே கூப்பிட்டாள். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"நைட் ஷிஃப்ட் போன வாரத்தோட முடிஞ்சிட்டுல்லா அங்கிள். இப்போ எங்களுக்கு மதிய ஷிஃப்ட். நேத்து ஞாயிறும் கம்பெனில லைன் ஓடிச்சு. வாராவாரம் மாறும்லா."

"அப்போ நேத்து எந்த நேரம் தோதா இருந்திருக்கும்?"

"காலைல எட்டரைன்னா எல்லாரும் வந்திருப்போம் அங்கிள்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து, சாம்பாரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

"இத்த ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"நீங்க யாரும் கேக்கலையே அங்கிள்."

அண்ணன் இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். எனக்கும் சுருக்கென்றது. கமிட்டியில் ஒவ்வொருவரையும் கேட்டோம். ஆண்டவரையும் கேட்டோம். கம்பெனி பஸ்ஸில் இறங்குகிற பிள்ளைகளை மட்டும் கேட்கவில்லை!

தலைவர்களுக்கென்றே இப்படி ஒரு வியாதி உண்டோ? சபையானாலும் சரி, அபார்ட்மென்ட் சங்கமானாலும் சரி — காலம் மாறிப்போச்சே என்று கதவைச் சாத்திக்கொண்டு கூடிக் கூடிப் பேசுகிறோம். மாறிய காலம் வெளியே வாசலில் நின்றுகொண்டிருக்கிறது.

அதற்கடுத்த ஞாயிறு பிள்ளைகளுக்குக் காலை ஷிஃப்ட். சாயங்காலம் ஆராதனை வைத்தோம். பெஞ்சு போதாமல் பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டார்கள். பிரசங்கத்தில் சிலர் தூங்கினார்கள். அண்ணன் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். மேலிடம் என்ன முடிவு செய்யும் என்று இன்னும் தெரியாது. ஆனால் அண்ணன் நடை மாறிவிட்டது.

நேற்று குமார் அவரைப் பிடித்துக்கொண்டார். "உங்க கோயில் மணிய நம்பிதாண்ணா ரெண்டாவது ஈடு இட்லி ஊத்தினு இருந்தேன். இந்த ஞாயித்துக்கெழம எத்தினி மணிக்கு அடிப்பீங்க?"

தன் அப்பா சொன்னதைத் தவிர யார் பேச்சையும் கேட்டறியாத எங்கள் செயலாளர், சட்டைப் பையில் போனைத் தேடிக்கொண்டே சொன்னார்:

"இரு, பிரிஸில்லாவக் கேட்டுச் சொல்றேன்."