குழாயில் ஊதிய பையனின் ரிசல்ட்

பதவி உயர்வுப் படிவத்தை இன்று மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். ராயபுரம் போகும் பேருந்தில், என் ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். ஐந்து நிமிடம் கழித்து மறுபடியும் பார்த்தேன்.

திருவொற்றியூரில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என்னையே உற்றுப் பார்த்தார்.

"நீதான சார் எங்க தெருவுல பசங்கள குழாயில ஊத சொன்ன?"

நான்தான். பிள்ளைகளின் நுரையீரலைப் பற்றிய ஆய்வு அது. என் கட்டுரைகளில் அதிகம் பேர் மேற்கோள் காட்டுவதும் அதைத்தான்.

"ரிசல்ட் குடுக்குறேன்னியே."

"பெரிய பத்திரிகையிலயே வந்துடுச்சும்மா. வெளிநாட்டுக்காரங்ககூட படிக்கிறாங்க." போனைக் காட்டினேன்.

"இதுல என் புள்ளைக்கு இன்னான்னு போட்டுகீது?"

ஒன்றும் போடவில்லை. கட்டுரையில் இருப்பது சராசரி மட்டும். அவர் மகனின் மூச்சு அளவு என் அலமாரியில், ஒரு ஃபைலுக்குள் இருக்கிறது.

"ஓடியாந்தா மூச்சு வாங்குது சார். நீ திரும்பி வரவே இல்லியா, சரி, நல்லாதான் கீது போலன்னு வுட்டுட்டேன்."

பையன் பெயரையும் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டேன். அலுவலகம் வந்ததும் ஃபைலைத் தேடி எடுத்தேன். பையனின் அளவு அன்றைக்கே குறைவாகத்தான் இருந்திருக்கிறது. போன் செய்து அதைச் சொல்லி, நாளைக் காலையில் அவனைப் பரிசோதனைக்கு அழைத்து வரச் சொன்னேன். "இப்பவாச்சும் சொன்னியே" என்றார். அதற்கு நன்றி வேறு சொன்னார்.

படிவம் இன்னும் திறந்தே கிடக்கிறது. 'ஆய்வால் பயனடைந்தோர்' என்று அதில் ஒரு கட்டம். எனக்குத் தெரிந்து இதுவரை பயனடைந்தது நான் ஒருவன்தான். என் பெயரையே எழுதிவிடட்டுமா, சொல்லுங்கள்.