ஃபெர்ஜானியின் கட்டைவிரல்

பிறந்த அன்றே தாயை இழந்தும் ஃபெர்ஜானி பிழைத்தான். ஏழு வயதில் வந்த காய்ச்சல் ஒரு காதை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டது. கெர்க்கென்னாத் தீவின் ஆழமில்லாத கடலில், பேரீச்ச மட்டைகளை வேலியாக நட்டு மீன் பிடிக்கும் அவனுடைய கடல்துண்டைப் பங்காளிகள் பிடுங்கப் பார்த்தபோது, பதினோரு வருஷம் நீதிமன்றப் படியேறி மீட்டான். ஒரு நாளும் குரலை உயர்த்தவில்லை. இரண்டு புயல்கள் வேலியை அள்ளிக்கொண்டு போயின. இரண்டு முறையும் முதல் மட்டையிலிருந்து நட்டான்.

இதையெல்லாம் யார் கேட்டாலும் லஸ்ஹர் ஒன்றுவிடாமல் சொல்வார். அவர் எட்டு மாதம் மூத்தவர். தாயில்லாப் பிள்ளைக்கு அவருடைய அம்மாதான் பால் கொடுத்தாள். ஒரே பால் குடித்ததால் அண்ணன் தம்பி; அதற்கு மேல் அறுபத்தொன்பது வருஷச் சிநேகிதம்.

போன வெள்ளிக்கிழமை காலை அந்தத் தம்பியின் உடலை அவர் கழுவினார்.

உயிர் விடியலில் பிரிந்தது. பள்ளிவாசலில் அறிவிக்கச் சொல்ல லஸ்ஹர் போனார். ஃபெர்ஜானியின் மனைவி மஹ்பூபாவைப் பெண்கள் உள்ளறைக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்ஃபாக்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த, ஃபெர்ஜானியின் உடன்பிறந்த அண்ணன் மகன் சுஃபியான் மட்டும் சடலத்தருகே உட்கார்ந்திருந்தான்.

கழுவும்போது வலது கட்டைவிரலில் கறை தெரிந்தது. பேய்க்கணவாய் மை என்றுதான் லஸ்ஹர் முதலில் நினைத்தார். ஆனால் அது பழுப்பாகப் படியும், இது ஊதா. ஃபெர்ஜானி படுக்கையை விட்டு எழுந்து மூன்று வாரம் ஆகிறது. முந்தின மாலை அவனுக்குத் தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒளு செய்துவிட்டவர் லஸ்ஹரே. அப்போது விரல் சுத்தமாக இருந்தது.

அவர் கை நின்றது. பிறகு தேய்த்தார். நகக்கண்ணில் இருந்ததையும் ஈர்க்குச்சியால் எடுத்தார். அழுக்கோடு அனுப்ப முடியாது. கழுவுகிறவன் உடலில் கண்டதை வெளியே சொல்லவும் கூடாது.

மூன்றாம் நாள் சுஃபியான் நோட்டரியைக் கூட்டிவந்து ஒரு தாளை விரித்தான். போன ரமலானில் சித்தப்பா கடல்துண்டை அவனுக்கு விற்றுவிட்டாராம். கீழே ஊதா நிறத்தில் ஒரு விரல்ரேகை.

மஹ்பூபா தாளைக் குனிந்து பார்த்தாள். "என்கிட்ட சொல்லாம வித்தாரா? ஒரு மீன் அதிகமா விழுந்தாலும் வந்து சொல்ற மனுஷன்! அதையும் குடுத்துட்டா நான் எதைத் தின்னு பொழைக்க?"

"சித்தி, நான் என்ன பண்ண? ரேகை பேசுது." லஸ்ஹர் பக்கம் திரும்பினான். "நீங்க ஏன் பெரியப்பா மொறைக்கிறீங்க? பால் உறவுக்குச் சொத்துல பங்கில்லையே."

லஸ்ஹருக்கு வார்த்தை பல்வரை வந்தது. கடித்துக்கொண்டார். கண்டதைச் சொன்னால் தம்பியின் சடலத்தைச் சந்தியில் போட்டு விரிப்பதுபோல். சொல்லாவிட்டால் மஹ்பூபா தெருவில்.

"ரேகை எதுக்கு வச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

"வேற என்ன வைப்பாரு? சித்தப்பாவுக்கு எழுதத் தெரியாதுன்னு ஊருக்கே தெரியும்."

பையன் ஸ்ஃபாக்ஸில் வளர்ந்தவன். ஃபெர்ஜானி நாற்பத்து நாலு வயதில் முதியோர் வகுப்புக்குப் போனது அவனுக்குத் தெரியாது. பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தவனை ஜன்னல் வழியே லஸ்ஹர் சீண்டியிருக்கிறார்: "டேய், பேய்க்கணவாய்க்கு எட்டுக் கை. ரெண்டு கையை வச்சிக்கிட்டு நீ என்னத்த எழுதப்போற?"

"அது எட்டுக் கை இருந்தும் மையை வீணாத்தானே கொட்டுது அண்ணே" என்று சிரித்தான் ஃபெர்ஜானி.

இனி அந்தச் சிரிப்பு இல்லை. லஸ்ஹர் நோட்டரி பக்கம் திரும்பினார்.

"நோட்டரி ஐயா, என் தம்பி கையெழுத்துப் போடுவான். மீனவர் சங்கப் பதிவேட்டை எடுத்துப் பாருங்க. அவன் பேருக்கு நேரா முதல்ல எல்லாம் ரேகை. கையெழுத்து பழகின பிறகு ஒரு ரேகைகூடக் கிடையாது. போன ரமலான் மாசத்துலயும் கையெழுத்துதான்."

சுஃபியானின் விரல்கள் தாளை மடிக்கப் பார்த்தன. நோட்டரி அதன்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"எப்பருந்து கையெழுத்து?"

லஸ்ஹர் யோசிக்கவே இல்லை.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்து நாலு, மார்ச் பதினேழு, வியாழக்கிழமை."